மகாவீர் ஜெயந்தி: கறிக்கடை மூடும் நாளுக்குப் பின்னால் இருப்பவர் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி மாதம் பாதி போன பிறகு ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனால் கடை பூட்டியிருக்கும். பக்கத்து டீக்கடையில் விசாரித்தால் "இன்னைக்கு மகாவீர் ஜெயந்தி சார்" என்பார்கள். நம்மில் பலருக்கு அந்தப் பெயர் அறிமுகமானது இப்படித்தான். நான் வளர்ந்தது வந்தவாசிப் பக்கம். எங்கள் தெருவில் சமணர்களான நயினார்களின் வீடுகள் இருந்தன, அதனால் எனக்குக் கொஞ்சம் முன்பே அறிமுகம். நண்பர்கள் என்னிடம் அவ்வப்போது கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் தேதி ஏன் மாறுகிறது?

இது திதியை வைத்துக் கொண்டாடும் விழா. சைத்ர மாத வளர்பிறைத் திரயோதசி அன்று வரும். எளிதாகக் கணக்குப் போட வேண்டுமென்றால், யுகாதி அன்று பிரதமை, அதிலிருந்து எண்ணி வர ஒன்பதாம் திதி ராமநவமி, பதின்மூன்றாம் திதி மகாவீர் ஜெயந்தி. 2024இல் ஏப்ரல் 21, 2025இல் ஏப்ரல் 10, 2026இல் மார்ச் 31. நம் மாதக் கணக்கில் பெரும்பாலும் பங்குனி, சில ஆண்டுகளில் சித்திரை.

அன்று கறிக்கடையும் டாஸ்மாக்கும் ஏன் மூடப்படுகின்றன?

மகாவீரர் போதித்தவற்றில் முதலாவது கொல்லாமை. அதை மதிக்கும் வகையில் சென்னை மாநகராட்சி ஆட்டிறைச்சிக் கூடங்களையும் கறிக்கடைகளையும் அன்று மூடச் சொல்கிறது. டாஸ்மாக்குக்கு ஆண்டில் விடுமுறை நாட்கள் மிகச் சில. திருவள்ளுவர் தினம், வடலூர் வள்ளலார் நினைவு நாள், காந்தி ஜெயந்தி ஆகியவை அடங்கிய அந்தச் சிறு பட்டியலில் மகாவீர் ஜெயந்தியும் இருக்கிறது. வள்ளுவர், வள்ளலார், காந்தி, மகாவீரர். பட்டியலைப் போட்ட அதிகாரி யோசித்துப் போட்டாரோ இல்லையோ, நால்வரும் ஒரே பந்தியில் உட்காரக்கூடியவர்கள்தான்.

இன்னொருவர் விரதத்துக்கு என் சாப்பாட்டை ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அகமதாபாத்தில் சமணர்களின் பர்யூஷண் நோன்பையொட்டி ஒன்பது நாள் இறைச்சிக் கூடங்களை மூடியதை எதிர்த்து இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆண்டில் சில நாள் என்பது அளவு மீறிய கட்டுப்பாடு ஆகாது என்று 2008இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்காக வாக்குவாதம் முடிந்துவிடவில்லை, ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்குகிறது.

சரி, மகாவீரர் யார்?

இயற்பெயர் வர்த்தமானர். மரபுக் கணக்குப்படி கி.மு. 599இல், இன்றைய பீகாரில் பிறந்தார். தந்தை சித்தார்த்தர், ஞாத்ரு குலத் தலைவர். தாய் திரிசலை. சமணத்தின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றான திகம்பரர்களின் நூல்களில் அவருக்குப் பிரியகாரிணி என்ற பெயரும் உண்டு. தாய்வழியில் வைசாலியை ஆண்ட சேடக மன்னருக்கு உறவு. முப்பது வயதில் துறவு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கடுந்தவம், ரிஜுவாலிகா ஆற்றங்கரையில் ஒரு சால மரத்தடியில் முழுதுணர் ஞானம் (கேவல ஞானம்), பிறகு முப்பது ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து உபதேசம், 72ஆம் வயதில் பாவாபுரியில் வீடுபேறு.

புத்தரும் இவரும் ஏறக்குறைய ஒரே காலம், ஒரே நிலப்பகுதி. பௌத்த நூல்கள் இவரை 'நிகண்ட நாதபுத்த' என்று குறிப்பிடுகின்றன. நிகண்டர் என்றால் கட்டுகளற்றவர், நாதபுத்த என்றால் ஞாத்ரு குலத்துப் பிள்ளை.

பிறந்த ஊர் எது என்பதில் மட்டும் மூன்று ஊர்கள் போட்டியிடுகின்றன. மற்றொரு பிரிவான சுவேதாம்பரர் பலர் ஜமுய் மாவட்டத்து க்ஷத்ரியகுண்டத்துக்குப் போகிறார்கள். திகம்பரர் பலர் நாளந்தா அருகே உள்ள குண்டல்பூருக்குப் போகிறார்கள். ஆய்வாளர்களில் அதிகம் பேர் கை நீட்டுவது வைசாலியை ஒட்டிய பாசோகுண்டை. அந்த ஊர்க்காரர்கள் சமணர்கள் இல்லை. ஆனாலும் ஒரு துண்டு நிலத்தை மகாவீரர் பிறந்த மண் என்று சொல்லி, தலைமுறை தலைமுறையாக ஏர் பூட்டாமல் விட்டுவைத்திருந்தார்கள். விவசாயி ஒருவன் நிலத்தை உழாமல் விடுவது எவ்வளவு பெரிய காணிக்கை என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சமணத்தைத் தொடங்கியவர் அவர்தானே? பாடப்புத்தகத்தில் அப்படித்தானே படித்தோம்?

பாடப்புத்தகம் சுருக்கிவிட்டது. சமணர்கள் அவரை 24ஆவது, கடைசித் தீர்த்தங்கரர் என்கிறார்கள். முதல்வர் ரிஷபர் என்கிற ஆதிநாதர். மகாவீரருக்குச் சுமார் 250 ஆண்டுகள் முந்தியவர் பார்சுவநாதர். மகாவீரரின் பெற்றோரே பார்சுவநாதர் வழியைப் பின்பற்றியவர்கள் என்கிறது சுவேதாம்பர மரபு. பார்சுவநாதரின் நான்கு நோன்புகள் மகாவீரர் காலத்தில் ஐந்தாயின: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரம்மச்சரியம், பொருள் மீது பற்றின்மை. தீர்த்தங்கரர் என்றால் பிறவிக் கடலைத் தாண்ட துறை அமைத்துத் தருபவர். படித்துறை கட்டுகிறார், ஆனால் நாம்தான் இறங்கி நீந்த வேண்டும். அவர் வரம் தருவதில்லை. கோயிலில் வேண்டுதல் வைக்கும் பழக்கம் உள்ள நமக்கு இது சட்டென்று பிடிபடாது.

'மகாவீரர்' என்ற பெயர் எப்படி வந்தது? அவர் போர் செய்தாரா?

இல்லை. சிறு வயதில் தோழர்களெல்லாம் சிதறி ஓட, பாம்பைப் பயப்படாமல் கையாண்டார் என்று ஒரு கதை. தவத்தில் பட்ட துன்பங்களைத் தாங்கியதால் என்று இன்னொரு விளக்கம். வர்த்தமானர், வீரர், அதிவீரர், சன்மதி, மகாவீரர் என ஐந்து பெயர்கள் வழக்கில் உண்டு. சிலைகளில் அடையாளம் காண பீடத்தில் சிங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் அவருடைய சின்னம்.

பிறப்பை ஆண்டுக்கு இரண்டு முறை கொண்டாடுகிறார்களாமே?

உண்மைதான், ஆனால் எல்லோரும் இல்லை. பங்குனி, சித்திரையில் வருவது பிறந்த நாள். ஆவணியையொட்டி வரும் பர்யூஷண் நோன்பு நாட்களில், சிலை வழிபாடு செய்யும் சுவேதாம்பரர்கள் மகாவீரர் வரலாற்றைச் சொல்லும் கல்பசூத்திரம் என்ற நூலை வாசிப்பார்கள். அதில் மகாவீரர் பிறக்கும் பகுதி வரும்போது கோயிலே திருவிழாக் கோலம் கொள்ளும். தேங்காய் உடைப்பார்கள், தொட்டில் ஆட்டுவார்கள்.

அந்த நாளின் நாயகி திரிசலைதான். கருவுற்ற இரவில் அவர் கண்ட கனவுகள் வெள்ளியில் செய்யப்பட்டு மேலிருந்து கயிற்றில் இறங்கும்: யானை, காளை, சிங்கம், திருமகள், பூமாலை, நிலவு, சூரியன், கொடி, பூரண கும்பம், தாமரைக் குளம், கடல், தேவ விமானம், ரத்தினக் குவியல், புகையில்லா நெருப்பு என்று பதினான்கு. திகம்பரர் கணக்கில் பதினாறு. ஒவ்வொரு கனவையும் வரவேற்று மாலை போட யாருக்கு உரிமை என்று ஏலம் நடக்கும். ஏலத் தொகை கோயில் நிதிக்குப் போகும். துறவைப் போற்றும் மதத்தில் ஏலமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "பணத்தை விடத்தானே ஏலம் எடுக்கிறோம்" என்று பதில் வந்தது. வியாபாரிகளிடம் வாய் கொடுக்கக் கூடாது.

கல்பசூத்திரத்தில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கருவில் அசைந்தால் அம்மாவுக்கு வலிக்குமே என்று குழந்தை அசையாமல் இருந்துவிடுகிறது. கரு கலைந்துவிட்டதோ என்று திரிசலை அழுகிறாள். அதை உணர்ந்த குழந்தை இலேசாக அசைகிறது. இப்போதே இவ்வளவு பாசமா, அப்படியானால் பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை துறவு போக மாட்டேன் என்று உள்ளேயே முடிவெடுக்கிறது. அப்படியே பெற்றோர் காலமான பின், அண்ணன் நந்திவர்த்தனரின் சொல்லுக்காக மேலும் இரண்டு ஆண்டு காத்திருந்து, முப்பதாம் வயதில் புறப்படுகிறார். கொல்லாமையின் முதல் பாடம் தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது. திகம்பரர்கள் இந்தக் கதையை ஏற்பதில்லை.

'ஜெயந்தி' என்ற சொல்லை அவர்களே விரும்புவதில்லையா?

பலர் 'ஜன்ம கல்யாணக்' என்பார்கள். தீர்த்தங்கரர் வாழ்வில் கருவுறுதல், பிறப்பு, துறவு, ஞானம், வீடுபேறு என ஐந்து மங்கல நிகழ்வுகள். இது இரண்டாவது. அரசு விடுமுறைப் பட்டியலில் ஜெயந்தி என்றே இருக்கிறது, நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

தவம் என்றால் என்ன செய்தார்? காட்டில் உட்கார்ந்திருந்தாரா?

அதிகமும் நடந்தார். மழைக்காலத்தில் மட்டும் ஒரே ஊரில் தங்குவார். சுவேதாம்பர மரபுப்படி அந்தப் பன்னிரண்டரை ஆண்டுகளில் அவர் உணவு உண்டது 349 நாட்கள்தான்.

அதில் ஒரு நோன்பைச் சொல்லியே ஆக வேண்டும். கௌசாம்பியில் அவர் மனத்துக்குள் ஒரு சங்கற்பம் செய்துகொள்கிறார். பிச்சை இடுபவள் அரசகுமாரியாகப் பிறந்து அடிமையானவளாக இருக்க வேண்டும். தலை மழிக்கப்பட்டு, காலில் விலங்கோடு இருக்க வேண்டும். ஒரு கால் வாசற்படிக்கு உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் வைத்திருக்க வேண்டும். முறத்தின் மூலையில் வெந்த உளுந்து இருக்க வேண்டும். கண்ணில் நீர் இருக்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் விதவிதமாகச் சமைத்து வைத்துக் காத்திருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு வாசலாக வருகிறார், பார்க்கிறார், போகிறார். ஐந்து மாதம் இருபத்தைந்து நாள் இப்படியே போகிறது.

சந்தனை என்ற பெண். போரில் எல்லாம் இழந்து, சந்தையில் விற்கப்பட்டு, ஒரு வணிகர் வீட்டுக்கு வந்தவள். வணிகர் மகளாகவே நடத்துகிறார். அவருடைய மனைவிக்குச் சந்தேகம். அவர் ஊரில் இல்லாத நாளில் தலையை மழித்து, விலங்கு மாட்டி அடைத்துவிடுகிறாள். மூன்று நாள் கழித்து வந்து பார்த்த வணிகர், அவசரத்துக்குக் கையில் கிடைத்த உளுந்தை முறத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு, விலங்கை உடைக்கக் கொல்லனைத் தேடி ஓடுகிறார். அப்போது மகாவீரர் வருகிறார். எல்லாம் பொருந்துகிறது, கண்ணீர் மட்டும் இல்லை. அவரைக் கண்ட மகிழ்ச்சியில் அவள் முகம் மலர்ந்திருக்கிறது. அவர் திரும்பி நடக்கிறார். நம்மிடம் உள்ளதையும் வாங்காமல் போகிறாரே என்று அவள் அழுதுவிடுகிறாள். அவர் திரும்பி வந்து கை ஏந்துகிறார்.

அந்தப் பெண்தான் பின்னாளில் அவருடைய சங்கத்தில் 36,000 பெண் துறவிகளுக்குத் தலைவி. ஆண் துறவிகள் 14,000 பேர்தான். இந்த எண்கள் மரபு சொல்பவை. அவற்றை எப்படி எடுத்துக்கொண்டாலும், பெண்கள் இரண்டு மடங்குக்கும் மேல் என்று அவர்களே பதிந்து வைத்திருக்கிறார்கள்.

திகம்பரர், சுவேதாம்பரர் என்ன வித்தியாசம்?

திகம்பரத் துறவிகளுக்கு ஆடை இல்லை, கையில் மயிற்பீலியும் கமண்டலமும் மட்டும். சுவேதாம்பரத் துறவிகள் வெள்ளாடை உடுத்துவார்கள். பின்னவர்களில் ஸ்தானகவாசி, தேராபந்தி பிரிவினர் வாயைத் துணியால் மூடியிருப்பார்கள், அவர்களுக்குச் சிலை வழிபாடும் கிடையாது. மகாவீரர் மணமே செய்யவில்லை என்பது திகம்பரர் நிலை. யசோதையை மணந்து பிரியதர்சனா என்ற மகள் இருந்தாள் என்பது சுவேதாம்பரர் நிலை. பிறந்த திதியில் மட்டும் இருவருக்கும் தகராறு இல்லை.

விழா அன்று என்னதான் நடக்கும்?

காலையில் சிலைக்குத் திருமஞ்சனம், பிறகு தேரிலோ பல்லக்கிலோ ஊர்வலம், உபதேசம், அன்னதானம். கோசாலைகளுக்கும் காயம்பட்ட விலங்குகளின் காப்பகங்களுக்கும் பணம் கொடுப்பார்கள். வேறு நாளில் இல்லாத அளவுக்கு எல்லாப் பிரிவினரும் ஒரே ஊர்வலத்தில் நடப்பதையும் பார்க்கலாம்.

பெரிய திருவிழா என்றால் ராஜஸ்தானின் கரௌலி மாவட்டத்தில் ஸ்ரீமகாவீர்ஜி என்ற ஊரில். தோல் வேலை செய்யும் ஒருவரின் பசு, தினமும் ஒரு மேட்டில் போய்ப் பாலைச் சொரிந்துவிட்டு வந்ததாம். தோண்டிப் பார்த்தால் மகாவீரர் சிலை. பசு பால் சொரியும் கதை நம் ஊர்ச் சிவன் கோயில்களுக்கும் உண்டு, ஆகவே நமக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் அடுத்தது. இன்றும் அந்தத் தோல் தொழிலாளியின் வம்சத்தார் கை வைத்த பிறகுதான் தேர் நகரும். தோல் பொருளைக் கோயிலுக்குள் விடாத மதத்தில் இது நடக்கிறது. மீணா, குஜ்ஜர் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து தேரோடு நடக்கிறார்கள், அவர்கள் யாரும் சமணர்கள் இல்லை.

சமணர் என்றால் சௌகார்பேட்டை சேட்டுகள்தானே?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சமணர்கள் 89,265 பேர். அதில் மார்வாடிகளும் குஜராத்திகளும் உண்டு. தமிழைத் தவிர வேறு தாய்மொழி அறியாத சமணர்களும் உண்டு. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் வட்டாரத்தில் வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி சுற்றுவட்டக் கிராமங்களில் தலைமுறைகளாக உழுது வாழ்கிறவர்கள். திகம்பர வழியினர். பெயருக்குப் பின் நயினார் என்று போட்டுக்கொள்வார்கள். அவர்களுடைய மடம் செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் இருக்கிறது.

எங்கள் தெரு நயினார் தாத்தா பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவார். விளக்கைத் தேடி வரும் பூச்சி தெரியாமல் சோற்றில் விழுந்துவிடக் கூடாதே என்பது காரணம். மற்றபடி எங்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு தெரிந்ததே இல்லை. பிறகு சென்னைக்கு வந்து, "ஜெயினா? அப்போ ஹிந்திக்காரரா?" என்று அவருடைய பேரனிடம் ஒருவர் கேட்டபோது அவன் முகம் போன போக்கு எனக்கு நினைவிருக்கிறது. கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்கு நடந்த கவுந்தியடிகள் சமணத் துறவிதான். நம் பிள்ளைகள் படிக்கும் 'பள்ளி' என்ற சொல்லே சமண, பௌத்தத் துறவிகளின் இருப்பிடத்திலிருந்து வந்தது.

தீபாவளிக்கும் மகாவீரருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அவர் வீடுபேறு அடைந்தது அந்த அமாவாசை விடியலில். ஞான ஒளி போய்விட்டது, பொருள் ஒளியையாவது ஏற்றுவோம் என்று அங்கிருந்த பதினெட்டுச் சிற்றரசர்கள் விளக்கேற்றினார்கள் என்கிறது கல்பசூத்திரம். நரகாசுரன் கதையோடு வளர்ந்த நமக்கு இது வேறொரு தீபாவளி. வடக்கே திகம்பரர்கள் அன்று காலை கோயிலில் 'நிர்வாண லட்டு' படைப்பார்கள். சமணர்களின் வீர நிர்வாண ஆண்டுக் கணக்கு கி.மு. 527இலிருந்து தொடங்குகிறது. பாவாபுரியில் அவர் உடல் எரிந்த இடத்துச் சாம்பலையும் பிறகு மண்ணையும் மக்கள் அள்ளி அள்ளியே குளமாகிவிட்டது என்பார்கள். தாமரை நிறைந்த அந்தக் குளத்தின் நடுவே இன்று வெள்ளைச் சலவைக்கல் கோயில் நிற்கிறது.

வெங்காயம், உருளைக்கிழங்கு ஏன் சாப்பிடுவதில்லை?

கிழங்கைப் பிடுங்கினால் செடியே சாகிறது. அதோடு மண்ணுக்கடியில் விளைவதில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் ஒரே உடலைப் பகிர்ந்து வாழ்கின்றன என்பது அவர்கள் கொள்கை. எல்லோரும் ஒரே கண்டிப்போடு இருப்பதில்லை. சாப்பிட அழைக்கிறீர்கள் என்றால் கேட்டுவிட்டுச் சமைப்பது நல்லது.

உண்ணாமல் உயிர் விடுகிறார்களே, அது தற்கொலை இல்லையா?

சல்லேகனை என்பார்கள். நம் பழந்தமிழில் வடக்கிருத்தல். தீராத நோயோ முதுமையோ வந்து, நோன்புகளைக் காக்க முடியாத நிலையில், ஆசானின் அனுமதியோடு உணவைச் சிறிது சிறிதாகக் குறைப்பது. கோபத்திலோ விரக்தியிலோ செய்யக் கூடாது, அதுதான் தற்கொலையிலிருந்து வேறுபடுத்துகிறது என்பது அவர்கள் வாதம். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைக் குற்றம் என்றது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. செஞ்சி அருகே திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் செதுக்கப்பட்ட பாறை இருக்கிறது. அங்கே சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழைய தமிழ்க் கல்வெட்டு உண்டு. என் கருத்தைக் கேட்டால், இதில் சட்டம் சொல்வதும் அந்தக் கல்வெட்டின் முன் நிற்கும்போது மனம் சொல்வதும் ஒன்றாக இல்லை.

நான் சமணன் இல்லை. விழாவுக்குப் போகலாமா? என்ன சொல்லி வாழ்த்துவது?

தாராளமாகப் போகலாம். "ஜெய் ஜினேந்திரா" என்றால் போதும். தோல் பெல்ட், தோல் பர்ஸ் வேண்டாம், தின்பண்டம் எதையும் உள்ளே கொண்டுபோக வேண்டாம். கருவறைக்குள் யார் போகலாம், சிலையைத் தொடலாமா என்பதற்கு ஒவ்வொரு கோயிலிலும் ஒரு வழக்கம், அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். துறவிகளைக் கும்பிடலாம், தொடக் கூடாது. குறிப்பாக ஆண் துறவியைப் பெண்களும் பெண் துறவியை ஆண்களும் தொடக் கூடாது.

தமிழ்நாட்டில் மகாவீரரைப் பார்க்க எங்கே போவது?

மதுரைப் பக்கம் என்றால் கீழக்குயில்குடி சமணர் மலை. அங்கே செட்டிப்புடவு என்ற குகையில் அமர்ந்திருக்கும் பெரிய உருவத்தை ஊரார் நெடுங்காலம் செட்டியார் என்றே நினைத்திருந்தார்கள்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக நேரம் என்றால், காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம். பட்டுச்சேலைக் கடைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான், ஆட்டோக்காரரிடம் "ஜைனக் கோயில்" என்று சொன்னால் சிலருக்குத் தெரியும். ஜினகாஞ்சி என்ற பழைய பெயர் இந்த ஊருக்குத்தான். உள்ளே மூலவர் வர்த்தமானர். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டிய சங்கீத மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால், வர்த்தமானர் வாழ்க்கையும் ரிஷபர் வாழ்க்கையும் விதானம் முழுக்க ஓவியமாக ஓடும். சில இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது, கழுத்தும் வலிக்கும், ஆனாலும் பொறுமையாகப் பாருங்கள். பிறகு பின்பக்கம் போங்கள். அங்கே ஒரு குரா மரம் இருக்கிறது. தன் அளவில் குறையாது, உயராது என்று அதைப் பற்றி ஒரு பழைய வெண்பாவே உண்டு. நான் இரண்டு முறை போனேன், பதினைந்து ஆண்டு இடைவெளியில். வளர்ந்திருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.